சிங்கம் போட்ட கோப்பை

கனடாவில் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் எங்கள் பெடியன்களில் பாதிப் பேர் “கோப்பை கழுவிறன்” என்பார்கள். நானும் ஐந்து வருடம் அப்படித்தான் சொல்லிவந்தேன். முதல் இரண்டு வருடம் கழுவியது எல்லாரும் கழுவுகிற கோப்பைதான். எக்லின்ரன் வீதியில் ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், முழங்கைவரை நுரை. அடுத்த மூன்று வருடம் கழுவியவை வேறு. அவை இருநூறு, இருநூற்றைம்பது வருடம் பழைய சீனத்துப் பீங்கான்கள். இந்த வித்தியாசத்தை ஆட்களுக்கு விளங்கப்படுத்தப் போனால் பஸ் வந்துவிடும். அதனால் பழைய பதிலையே வைத்துக்கொண்டேன்.

அந்த வேலை கொலிஜில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் கடதாசியால் கிடைத்தது. டவுண்ரவுணில் பழம்பொருட்கடை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரி, நிதானமான கையுள்ள மாணவன் தேவை என்று எழுதியிருந்தா. சிகரெட் மணக்கும், வேகமாகக் கதைக்கும் மனிசி. முன்பு பீங்கான் பிடித்திருக்கிறாயா என்று கேட்டா. இரண்டு வருடம் பிடித்தேன் என்றேன். எத்தனை உடைத்தாய் என்றா. மூன்று என்று உண்மையைச் சொன்னேன். தான் அதைவிடக் கூட உடைத்திருப்பதாகச் சொல்லி, சனிக்கிழமை வரச் சொன்னா.

கடையில் நிறையச் சாமான் இருந்தாலும் அவவின் உயிர் ஒரே ஒரு அலுமாரியில் இருந்தது. அதற்குள் குடும்பச் சின்னம் போட்ட சீனப் பீங்கான்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்துப் பெரிய குடும்பங்கள் தங்கள் சின்னத்தை, ஒரு கேடயம், அதில் ஒரு சிங்கம் அல்லது மூன்று சிப்பி, மேலே ஒரு தலைக்கவசம் என்று தாளில் கீறி, கப்பலில் சீனாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே பீங்கான் சுட்டு, ஒவ்வொரு கோப்பையிலும் தட்டிலும் அதே சின்னத்தைக் கையால் வரைந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சொல்லி அனுப்பிய சாமான் வந்துசேர இரண்டு வருடம் செல்லுமாம். வரைந்தவர்கள் சிங்கத்தைக் கண்ணால் கண்டதில்லை என்று நினைக்கிறேன். சில கோப்பைகளில் சிங்கம் நாய்க்குட்டி மாதிரி நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும்.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவ நெடுநேரம் சிரித்தா. “சிங்கக்கொடிக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். நீ இஞ்சை வந்து சிங்கத்தைக் குளிக்கவாக்கிறாய்” என்றா.

குளிக்கவார்ப்பது என்பது சரியான சொல்தான். இரும்புத் தொட்டிக்குள் அவற்றைக் கழுவக்கூடாது. பிளாஸ்ரிக் பேசினுக்கு அடியில் ஒரு துவாயை மடித்துப் போட்டு, கைபொறுக்கும் சுடுதண்ணீர் விட்டு, குழந்தைகளுக்குத் தலைமுழுக வைக்கிற ஷாம்பு இரண்டு சொட்டு விடவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பைதான். காதில் பிடித்துத் தூக்கக்கூடாது, வயிற்றில் இரண்டு கையாலும் தாங்கவேண்டும். பொன்பூச்சில் விரல் அழுத்தக்கூடாது. கழுவி முடித்ததும் நிமிர்த்தித்தான் வைக்கவேண்டும். கவிழ்த்தால் வாயோரத்துப் பூச்சு தேயும். முதல் நாளே இதை அவ இரண்டு தரம் சொன்னா.

கழுவிய பிறகு சின்னம் யாருடையது என்று கண்டுபிடிப்பதும் என் வேலையாயிற்று. அதற்குத் தலையணைத் தடிப்பில் புத்தகங்கள் இருந்தன. சிங்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது, கால் தூக்கியிருக்கிறதா, கேடயம் நீலமா சிவப்பா என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வந்தால், கடைசியில் ஒரு குடும்பம் நிற்கும். தகப்பன், பாட்டன், பூட்டன், யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் காணி எவருக்குப் போனது எல்லாம் இருக்கும். எனக்கு என் பாட்டனின் பெயர் தெரியும். அதற்கு மேலே தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே கனடாவுக்கு விண்ணப்பம் போடுவதற்காகத்தான்.

ஒரு தட்டைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அதன் கேடயம் நடுவால் பிரிந்திருந்தது. இடப்பக்கம் ஒரு சின்னம், வலப்பக்கம் வேறொன்று. கலியாணத்துக்குச் செய்வித்த தட்டுகளில் அப்படித்தான் போடுவார்கள், மாப்பிள்ளை குடும்பம் ஒரு பாதி, பெண் குடும்பம் மறுபாதி. இரண்டு பாதியையும் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தலைகால் தெரியவில்லை. பின்னேரம் டோனட் கடையில் அவளுக்குச் சொன்னேன்.

அவள் என்னோடு கொலிஜில் படித்தவள். கணித வகுப்பில் என் பேனை முடிந்தபோது பின்னாலிருந்து ஒரு பேனை வந்தது, அப்படித் தொடங்கியது. வீடு மில்லிக்கனில், சொந்த வீடு. நானும் அம்மாவும் வோபர்னில் ஒரு அறை அப்பார்ட்மென்ற்றில். அவள் வீட்டில் பாட்டன் காலத்திலிருந்து படித்தவர்கள். தகப்பன் ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர், இங்கே மிசிசாகாவில் விமானநிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை.

எங்களுக்கு அப்படி ஒரு தட்டுச் செய்வித்தால் என்ன போடலாம் என்று அவள் கேட்டாள்.

“உங்கட பாதியில என்ன போடுறது?” என்றேன்.

“அப்பாவின்ர மூக்கைப் போடலாம். அதுக்குப் பாதித் தட்டுக் காணாது.”

“என்ர பாதியில?”

“ஒரு பேசின், ஒரு பிரஷ். வேறை என்ன கிடக்கு உங்களிட்ட?”

நான் சிரித்தேன். வேறொன்றும் இருக்கவில்லைதான். நாங்கள் ஆர் என்பதைப் பழகிய முதல் மாதமே அவளுக்குச் சொல்லிவிட்டேன். அம்மா ஊரில் மற்றவர்களின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டினவ, மற்றவர்களின் வீட்டில் மா இடித்தவ, முன்வாசலால் போகாதவ என்று சொன்னேன். யாழ்ப்பாணத்தாருக்கு இவ்வளவு சொன்னால் போதும். அவளுக்கும் போதுமாக இருந்தது. டோனட்டைப் பிய்த்துக்கொண்டு, “அதுக்கென்ன?” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவளோடு எதுவரையும் போயிருப்பேன்.

இரண்டு வருடம் போனது. வீட்டில் அவளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியதும் அவள் என்னைப் பற்றிச் சொன்னாள். தகப்பன் சத்தம் போடவில்லையாம். படித்த பெடியனென்றால் தாயோடு வரச்சொல், பார்ப்பம் என்றாராம். அடுத்த நாள் கொலிஜ் வாசலில் நின்று அவள் எனக்கு இதைச் சொன்னபோது முகத்தில் சந்தோசத்தோடு வேறொன்றும் இருந்தது.

அப்பாவிடம் உள்ளதைச் சொல்லவேண்டாம் என்றாள். ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கோ, ஆனால் கோயிலுக்கு மேற்குப் பக்கம், பெரிய ஆக்கள் இருந்த பக்கம் என்று சொல்லுங்கோ. அப்பா உங்கட ஊர்ப்பக்கம் போய்ப் பத்து வருடத்துக்கு மேலே, அங்கே இருந்தவர்களும் இடம்பெயர்ந்து திசைக்கொன்றாய்ப் போய்விட்டார்கள், ஆரிடம் விசாரிக்கப்போகிறார்? கலியாணம் முடிந்தபிறகு தெரிந்தால் தெரியட்டும். அவள் என் ஜக்கெற்றின் சிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டு சொன்னாள். “அதுக்கென்ன” என்று சொன்னவள்தான். அவளுக்கு இன்னமும் அதுக்கென்னதான், தகப்பனுக்குத்தான் இல்லை. அப்படித்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஓம் என்றேன்.

அந்தக் கிழமைதான் கடைக்கு ஒரு தட்டு வந்தது. அழகான தட்டு, நடுவில் சிவப்புக் கேடயம். முதலாளி ஒரு ஏலத்தில் ஆசைப்பட்டு வாங்கிவந்தது. கழுவி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தபோது, கத்தியும் முள்ளுக்கரண்டியும் பட்ட பழைய கீறல்கள் தட்டு முழுவதும் இருந்தன. ஆனால் சின்னத்துக்கு மேலே ஒரு கீறல்கூட இல்லை. கீறல்கள் வந்து வந்து வர்ணத்துக்குக் கீழே போய்மறைந்தன. வெறும் தட்டில் நூறு வருடம் யாரோ சாப்பிட்டு முடிந்தபிறகு, வேறு யாரோ விலை ஏற்றுவதற்காகக் கேடயத்தை வரைந்து சுட்டிருக்கிறார்கள். முதலாளிக்குக் காட்டினேன். அவ விரலால் தடவிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னா. தட்டைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வை என்றா. வைத்துவிட்டு வந்து மிச்சத்தைக் கழுவினேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு தட்டாக மட்டும்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிக்கொடுத்தேன். சோபாவில் நல்லாச் சாய்ந்து இருக்கவேண்டும். கேட்டால் மட்டும் பதில். கோயிலுக்கு மேற்கு. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். உண்மையில் அப்பா அந்தச் சங்கக்கடையில் மூட்டை தூக்கினவர், நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது காலமானவர்.

“கொப்பர் கேட்டிருந்தால் குளறிச் சிரிச்சிருப்பார்” என்றா அம்மா. “மனேச்சர்தான் அவரை நாளாந்தம் ஏசுறவன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ யோசியாதை மோனை, நான் வாயே திறக்கமாட்டன்” என்றா.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மார்க்கம் வீதி பஸ்ஸில் ஏறி ஸ்ரீல்ஸ் வீதியில் மாறவேண்டும். அம்மா தன்னிடமிருந்த ஒரேயொரு பட்டுச் சேலைக்கு மேலே கனத்த கோட்டைப் போட்டிருந்தா. மடியில் அப்பிளும் முந்திரிகைப்பழமும் வைத்த பை. வழி முழுக்கப் பையைப் பிடித்தபிடி விடவில்லை.

கதவைத் திறந்தவர் தகப்பன்தான். வாங்கோ வாங்கோ என்று மனம்நிறையக் கூப்பிட்டார். அம்மா சப்பாத்தைக் கழற்றி, மற்றவர்களின் சப்பாத்துகளிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தா. இருங்கோ என்று மூன்று தரம் சொன்னபிறகும் நின்றா. நான் சேலைத் தலைப்பைத் தொட்டேன், இருந்தா. சாயவில்லை, சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தா. குளிரில் வந்த வயதான மனிசி என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

கேள்விகள் நான் எதிர்பார்த்த வரிசையிலேயே வந்தன. ஊர், கோயில், எந்தப் பக்கம், தகப்பன் என்ன செய்தவர். ஒவ்வொன்றுக்கும் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு வேலையைப் பற்றிக் கேட்டார். சின்னம் போட்ட பீங்கான்களைப் பற்றி அவ்வளவு விருப்பத்தோடு கேட்ட தமிழர் அவர் ஒருவர்தான். கேடயம் நடுவால் பிரிவதையும், புத்தகத்தைப் பார்த்துக் குடும்பத்தைக் கண்டுபிடிப்பதையும் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

“அப்ப வெள்ளைக்காரனும் பாக்கிறான் எண்டு சொல்லும்” என்றார் அவர். “பாரும், அவன் கெட்டிக்காரன். பீங்கானிலயே கீறி வைச்சிருக்கிறான். நாங்களெண்டால் நாலு வீட்டுக்குப் போன் எடுத்தெல்லே தம்பி கண்டுபிடிக்கவேண்டிக் கிடக்கு.”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே சிரித்தேன். அம்மாவும் சிரித்தா.

தேத்தண்ணி வந்தது. கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்த நல்ல செற், நீலக்கரை போட்டது. அவளே தட்டத்தில் கொண்டுவந்தாள். அம்மா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, வாயில் வைக்க முதல் ஒருக்கால் சுற்றிப் பார்த்தா. குடித்தா. அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள், எல்லாம் சரியாகப் போகிறது என்ற மாதிரி. தகப்பன், போகும்போது தானே காரில் கொண்டுபோய் விடுவதாகவும், இந்தக் குளிருக்குள் அம்மா பஸ்ஸுக்கு நிற்கக்கூடாது என்றும் சொன்னார். நான் பங்குனியில் சோதனை முடிவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா எழும்பியதைக் கவனிக்கவில்லை.

அந்த வீட்டில் நாங்கள் இருந்த அறையிலிருந்து பார்த்தால் குசினி முழுவதும் தெரியும். அம்மா தன் கோப்பையோடு தொட்டியடிக்குப் போய் பைப்பைத் திறந்தா. கழுவினா. அதுவரைக்கும் ஒன்றுமில்லை, கனடாவில் விருந்தாளிகள் அப்படிச் செய்வதுண்டு. கழுவிய கோப்பைகள் வைக்கிற தட்டு பக்கத்திலேயே இருந்தது. அம்மா அதில் வைக்கவில்லை. தண்ணீரை உதறிக்கொண்டு பின்கதவடிக்குப் போனா. வளவுக்குள் திறக்கிற கண்ணாடிக் கதவு, அதன் பக்கத்தில் வீட்டாரின் செருப்புகள். அம்மா குனிந்து, செருப்புகளுக்குப் பக்கத்தில், நிலத்தில், கோப்பையைக் கவிழ்த்து வைத்தா.

ஊரில் அவவுக்குத் தேத்தண்ணி கொடுத்த வீடுகளிலெல்லாம் அவவுக்கென்று ஒரு தகரப் பேணி இருந்தது. வீட்டுக்குள் வராத பேணி. குடித்தவரே கழுவி, பின்படலையடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகவேண்டும். நாற்பது வருடம் அவ அப்படித்தான் வைத்தா.

அவளின் தாய் அதைக் கண்டுவிட்டு எழும்பினா. “அக்கா, உதை ஏன் உதில வைக்கிறியள்?” விகற்பம் இல்லாமல்தான் கேட்டா.

“கழுவிப்போட்டன் நாச்சியார்” என்றா அம்மா.

எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிற சொல் அது. கை போன வழியில் வாயும் போய்விட்டது. அம்மாவுக்கே அது பிறகுதான் கேட்டிருக்கவேண்டும். அப்படியே நின்றா.

தகப்பன் கோப்பையைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. நான் பாதியில் விட்ட வசனத்தை முடிக்கப் பார்த்தேன், பங்குனி என்ற சொல் மட்டும் திரும்ப வந்தது. அவர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி எழும்பி, “வேறை என்ன தம்பி” என்றார். விருந்தாளியை அனுப்புகிற சொல். கோபமில்லாமல்தான் சொன்னார். “ஸ்ரீல்ஸில அரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் வரும்” என்றும் சொன்னார்.

நான் சப்பாத்துக் கட்டும்போது கோப்பை அங்கேயே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. அவள் படிக்கட்டடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸுக்கு முப்பது நிமிடத்துக்கு மேல் நின்றோம். காற்று அடித்தது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். “ஏனணை கழுவினனீங்கள்?” என்றேன். அதோடு நிற்காமல், அந்த வேலியையும் படலையையும் காவிக்கொண்டா கனடாவுக்கு வந்தீர்கள் என்றும் கேட்டேன். வாழ்க்கையில் நான் கதைத்த கதைகளில் ஒன்றை மட்டும் திருப்பி எடுக்கலாமென்றால் அதைத்தான் எடுப்பேன்.

“கை தன்ரபாட்டில போட்டுது மோனை” என்றா அம்மா. கொஞ்சம் கழித்து, “நல்ல பிள்ளை. வடிவான பிள்ளை” என்றா.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் அவள் ரெலிபோன் எடுத்தாள். அம்மா கீழே உடுப்புத் தோய்க்கப் போயிருந்த நேரம். அவள் அழுதிருந்தாள், குரல் மூக்கடைத்திருந்தது. அப்பா என்னில் ஒரு பிழையும் சொல்லவில்லையாம். பொய் சொன்னதற்குக்கூடக் கோபமில்லையாம், படித்த பெடியன், மரியாதையான பெடியன் என்றாராம். அதை வைத்துக்கொண்டு அவள் இரண்டு இரவு நித்திரையில்லாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

“அவ உங்கட அம்மா இல்லையெண்டு சொல்லுவம்” என்றாள். “உங்கட வீட்டில வேலைக்கு நிண்ட மனிசி. அம்மா செத்தாப்பிறகு உங்களை வளர்த்தவ. அதால அம்மா எண்டு கூப்பிடுறனீங்கள். எத்தினை வீட்டில அப்பிடி இருக்கு? அப்பா நம்புவார். அவருக்கும் நம்பத்தான் விருப்பம்.”

நான் உடனே இல்லையென்று சொன்னேன் என்று இங்கே எழுத விருப்பம். சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மூன்று நாள் யோசித்தேன். கடையில் பேசினுக்கு முன்னால் நின்று யோசித்தேன். கலியாண மண்டபத்தில் அம்மா எங்கே இருப்பா என்று யோசித்தேன். மூன்றாவது வரிசையில் ஓரமாக இருக்கலாம், அங்கிருந்து தாலி கட்டுவது தெரியும். பிள்ளை பிறந்தால் அம்மாவை என்னவென்று கூப்பிடப் பழக்குவது என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை காலை குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தை நெடுநேரம் பார்த்தேன். பிறகு வெளியே வந்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எங்களுக்குள் எவ்வளவு சாயல் இருக்கிறது, பார்த்தவர்கள் கண்டுபிடிப்பார்களா என்று பார்த்தேன். எனக்கு அம்மாவின் காது. முன்பக்கம் திரும்பிய, மேல்நுனி கூரான காது. மயிரை வளர்த்தால் மறைக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவன் நான்தான்.

சனிக்கிழமை வேலையால் வந்தபோது அம்மா எனக்காகக் காத்திருந்தா.

“அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லையோ?” என்றா.

எந்தப் பிள்ளைக்கு, என்ன சொல்ல என்று கேட்டேன்.

“எனக்கும் எடுத்துக் கதைச்சது. நீ வேலைக்குப் போயிருக்கேக்கை. அன்ரி, என்னைக் கோவியாதேங்கோ எண்டு அழுதுது. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்.”

“எப்ப?”

“செவ்வாய்க்கிழமை.”

அவள் என்னைக் கேட்டது புதன்கிழமை. அப்படியென்றால் அம்மா நான்கு நாளாக எல்லாம் தெரிந்துகொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறா. நான் யோசித்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா. வெள்ளிக்கிழமை காலை நான் கதவடியில் நின்று முகத்தைப் பார்த்தபோது, எதற்குப் பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் அரிசி புடைத்திருக்கிறா. ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் திரும்பக் குனிந்துவிட்டா.

“எனக்கென்ன மோனை, நான் உன்னோடைதானே இருக்கப்போறன்” என்றா அம்மா. “என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன? சொல்லு. இப்பவே எடுத்துச் சொல்லு. அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டு இருக்கும்.”

ரெலிபோன் குசினிச் சுவரில் கொழுவியிருந்தது. அம்மா மேசையடியில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. நான் இலக்கத்தை அழுத்தினேன். முதல் மணியிலேயே அவள் எடுத்தாள்.

அம்மாவுக்கு விளங்கக்கூடாது என்று இங்கிலிசில் சொன்னேன். என்னால் அது ஏலாது என்றேன். உங்கட அம்மாவே ஓமெண்டு சொன்னாவே என்று கேட்டாள். அதனால்தான் என்றேன். வேறு ஏதாவது வழி பார்ப்போம், நாங்கள் இரண்டுபேரும் தனியப் போய்ப் பதிவு செய்வோம், இரண்டு வருடம் பொறுப்போம் என்று நான் சொன்னவற்றையெல்லாம் அவள் கேட்டாள். தான் ஒரே பிள்ளை என்றாள். அப்பா தாங்கமாட்டார் என்றாள். கடைசியில் தமிழில், “அப்ப சரி” என்றாள். நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று பேசி முடிக்கும்போதும் அதே மாதிரித்தான் சொல்லுவாள். வைத்துவிட்டாள்.

நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவேண்டி வரும். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் வந்தது. பிறகு ரெலிபோன் கொம்பனியின் பதிவுசெய்த குரல், ஒரு பெண், தயவுசெய்து வைத்துவிட்டு மறுபடி எடுக்கவும் என்று இங்கிலிசில் சொன்னது. திரும்பவும் சொன்னது. அது சின்னக் குசினி, பெண்குரல் ஒன்று கதைப்பது அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. அவள்தான் கதைக்கிறாள் என்று நினைத்திருக்கிறா.

கதிரை மெல்ல அசைகிற சத்தம் கேட்டது. அம்மா எழும்பி, என் முதுகை ஒருக்கால் தடவிவிட்டு, அவளும் நானும் ஆறுதலாகக் கதைக்கட்டும் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.